மாதிரி ரயிலும் சிக்கனமும்



ரயில் வண்டியைக் கண்டு வியவாத பிள்ளைப் பருவம் இல்லை. அவ்வண்டியைச் சிற்றுருவில் அமைத்து மேசையின்மேல் ஓட்டிப் பார்ப்பது மாதிரி ரயில் கலை. மேலோடு பார்ப்பவர்க்கு இது விளையாட்டு. ஆராய்வார்க்கு இது தொழில் வரலாறு. சிறு தொகையைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சினும் பெட்டிகளும் வாங்க முற்படுவோர்க்கோ இது ஒரு பொருளாதாரப் பாடம். அப்பாடத்தை நான் பிழை செய்தே கற்றேன். அதனைப் பின்னர்ச் சொல்லுகிறேன். முதலில் வரலாற்றைக் காண்போம்.

ஜெர்மனி நாட்டின் கோப்பிங்கன் நகரில் 1859-இல் தோன்றிய மார்க்லின் தொழிலகம், தொடக்கத்தில் பொம்மை வீடுகளுக்குரிய தகரச் சாமான்களைச் செய்துவந்தது. 1891-இல் லைப்சிக் சந்தையில் அது ஒரு புதுமையைக் காட்டிற்று. சாவி கொடுத்தால் ஓடும் வண்டியோடு, பின்னர் வாங்கிச் சேர்த்து நீட்டிக்கொள்ளத்தக்க தண்டவாளத் துண்டுகளும் அங்கே வைக்கப்பட்டிருந்தன. தண்டவாளங்களின் இடையகலத்துக்கு எண்ணிட்டு, அளவுகளையும் அது வகுத்தது. இவ்வாண்டு ஒரு தண்டவாளம், அடுத்த ஆண்டு ஒரு பெட்டி என்று சிறுகச் சேர்க்கும் வழி இவ்வாறு திறந்தது. சிறுவனின் உண்டியலுக்கும் ரயிலுக்கும் இதனால் உறவு ஏற்பட்டது எனலாம்.

ஆயினும் அவ்வண்டிகள் பெரியவை. முதலாம் எண் அளவில் தண்டவாளங்களின் இடைவெளி 45 மில்லிமீட்டர். அவற்றை ஓட்டப் பெரிய கூடம் வேண்டும். எனவே உருவத்தைச் சுருக்கும் முயற்சி தொடர்ந்தது. 1922-இல் நூரெம்பர்க் நகரத்துப் பிங் நிறுவனம், உணவு மேசையின்மேல் ஓடத்தக்க சிறிய ரயிலை வெளியிட்டது. இங்கிலாந்தில், 1901-இல் மெக்கானோ என்னும் கட்டுமான விளையாட்டுக்கு உரிமை பெற்ற லிவர்பூல் நகரத்து பிராங்க் ஹார்ன்பி, 1920-இல் ரயில்களையும் விற்கத் தொடங்கினார். அவர் 1936-இல் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1938-இல், அவருடைய நிறுவனம் 'ஹார்ன்பி டப்ளோ' என்னும் சிறிய ரயிலைக் கொணர்ந்தது.

அந்நிறுவனம் முதலில் வெளியிட்ட எஞ்சின்கள் நம் ஆராய்ச்சிக்கு உரியவை. ஒன்று, 'சர் நைஜல் கிரெஸ்லி' என்னும் நீண்ட விரைவு வண்டி எஞ்சின். மற்றொன்று, நீரையும் நிலக்கரியையும் தன் உடலிலேயே சுமக்கும் குட்டையான டாங்க் எஞ்சின். அக்காலத்தில் பிரிட்டனில் நான்கு பெரிய ரயில் கம்பெனிகள் இருந்தன. டாங்க் எஞ்சினின் அதே வார்ப்பில் நான்கு கம்பெனிகளின் வண்ணங்களையும் பூசி, நான்கு எஞ்சின்களாக விற்றனர். அச்சு ஒன்று, சரக்கு நான்கு! சிக்கனம் வாங்குவோர்க்கு மட்டும் உரியதன்று, செய்வோர்க்கும் உரியது.

1950-இல் ரோவெக்ஸ் என்னும் சிறு நிறுவனம், பிளாஸ்டிக்கால் செய்த ரயில் தொகுதியைக் கடைகளுக்கு அளித்தது. அடுத்த ஆண்டே லைன்ஸ் சகோதரர்கள் அதனை வாங்கி, 'டிரையாங்' என்ற பெயரில் வளர்த்தனர். ஹார்ன்பி டப்ளோவோ உலோக வார்ப்பால் ஆனது, கனமும் கம்பீரமும் உடையது, விலையும் மிகுந்தது. 1964-இல் அதனைச் செய்துவந்த மெக்கானோ நிறுவனம் லைன்ஸ் சகோதரர்களின் கைக்கே போய்ச் சேர்ந்தது. இதற்குப் பிற காரணங்களும் உண்டு. எனினும், எளியோர்க்கு எட்டும் விலை எத்துணை வலிமை வாய்ந்தது என்பதற்கு இது ஒரு சான்று.

இனி என் பிழைக்கு வருகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் ஒருமுறை அறிவியற் கண்காட்சி நடத்தினோம். மாதிரி ரயில் ஒன்று வைக்க வேண்டுமென்று மாணவர்கள் மாதக்கணக்கில் காசு சேர்த்தார்கள். அயல்நாட்டில் இருந்த பழைய மாணவர் ஒருவர் விலைகளைக் கேட்டு எழுதினார். சேர்ந்த தொகைக்குப் பெரிய விரைவு எஞ்சின் ஒன்றும், சிறிதளவு தண்டவாளமும் வாங்கலாம்; அன்றேல் சிறிய டாங்க் எஞ்சினும், சில சரக்கு வண்டிகளும், போதிய தண்டவாளமும் வாங்கலாம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, சின்னதே வாங்கலாம், நம் மேசை சிறியது" என்றான். படத்தில் கண்ட பெரிய எஞ்சினின் அழகில் மயங்கியிருந்த நான், "பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், தம்பி" என்று கூறிவிட்டேன்.

எஞ்சின் வந்தது. மேசையின் அகலத்துக்குள் அமைந்த குறுகிய வளைவில் அதன் நீண்ட உடல் திரும்பவில்லை. திருப்பந்தோறும் சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கிற்று. கண்காட்சி நாளன்று அது நேர்ப்பாதையில் மூன்று அடி முன்னும் மூன்று அடி பின்னும் போய்வந்தது. காசு கொடுத்த பிள்ளைகள் அதனைப் பார்த்து நின்றார்கள். அந்த மாணவன் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை அவனை அழைத்து, "நீ சொன்னதே சரி, கேளாதது என் தவறு" என்றேன். அதனை அனைவர் முன்னிலையிலும் சொல்லியிருக்க வேண்டும் என்பதே இன்றுவரை என் குறை.

அதன்பின் இக்கலையைப் படித்து நான் அறிந்த விதிகள் சில. முதலில் மேசையை அளந்து, வளைவை முடிவு செய்து, அதன்பின்னரே எஞ்சினைத் தேடுக. விலையுயர்ந்த மோட்டார் எஞ்சினில்தான் உள்ளது. ஆதலால் நன்றாக ஓடும் எஞ்சின் ஒன்று போதும். சரக்கு வண்டிகள் குட்டையானவை, வளைவில் எளிதாகத் திரும்பும், ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்புக் கொக்கிகள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகலாம். அதனையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்க.

குறைந்த பொருளால் நிறைந்த பயன் பெறலாம் என்பதற்கு ஒரு சான்று காட்டுகிறேன். இங்கிலாந்தின் ஆலன் ரைட் என்பார் 'இங்கல்நூக்' என்னும் அமைப்பை வகுத்தார். அதில் எஞ்சின் ஒன்று, சரக்கு வண்டிகள் எட்டு, கிளைப் பாதைகள் மூன்று. ஒரு கிளை ஐந்து வண்டிகளையும், ஏனைய இரண்டும் மும்மூன்று வண்டிகளையும் கொள்ளும். சீட்டுக் குலுக்கி ஐந்து வண்டிகளின் பெயரை எடுத்து, அதே வரிசையில் அவற்றைக் கோத்து நிறுத்த வேண்டும். எத்தனை வரிசைகள் அமையும்? எட்டை ஏழாலும், அதனை ஆறாலும், பின் ஐந்தாலும், நான்காலும் பெருக்குக. விடை 6,720. ஒரு நாளைக்கு ஒரு வரிசை என்றால் பதினெட்டு ஆண்டுகள் ஓடும்! இத்தனைக்கும் வேண்டுவது ஒரு பலகையும் ஒரு சிறிய எஞ்சினுமே.

மாணவர்களே, நாளை நீங்கள் வீடு கட்டுவீர்கள், தொழில் தொடங்குவீர்கள், பொதுப்பணத்தைக் கையாளவும் செய்வீர்கள். அப்போது கண்ணைக் கவரும் பெரிய எஞ்சின் ஒன்று உங்கள் முன்னும் வந்து நிற்கும். முதலில் மேசையை அளந்து பாருங்கள். அருகில் நிற்கும் சிறுவன் ஏதேனும் சொன்னால், அதற்கும் செவி கொடுங்கள்.