பல்பு மேல் பழி

பழைய அம்பாசடரையும் பியட்டையும் ராத்திரியில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: லைட்டைப் போட்டால் பள்ளம் தெரியாது, லைட் போட்டிருப்பதுதான் தெரியும். கம்பெனி பல்பு 45/40 வாட்; பிரைட்டுக்கு 45, டிம்முக்கு 40. அதிலும் வண்டி நின்றால் டைனமோ சார்ஜ் கொடுக்காது. லெவல் கிராசிங்கில் நிற்கும்போது வெளிச்சம் மஞ்சளாகிச் சுருங்கிவிடும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உயிர் வரும். எழுபதுகளின் கடைசியில் நான் ஒயரிங் வேலை பழகியபோது, பட்டறைக்கு வரும் டாக்ஸிக்காரர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "பெரிய பல்பாப் பாத்து மாட்டி விடு தம்பி."

பெரிய பல்பு என்றால் ஹாலஜன். ஐரோப்பாவில் 1962-லேயே ஹெட்லைட்டுக்கு வந்துவிட்டது. டிம்மும் பிரைட்டும் ஒன்றாக இருக்கும் எச்4 பல்பு வந்தது 1971-ல். சாதா பல்பில் டங்ஸ்டன் ஆவியாகிக் கண்ணாடியின் உள்பக்கம் கறுப்பாகப் படியும். ஹாலஜன் வாயு அந்த டங்ஸ்டனை மறுபடி இழையிலேயே கொண்டு சேர்க்கிறது. அதனால் இழையை இன்னும் சூடேற்றலாம், கண்ணாடியும் கறுக்காது. அமெரிக்காவில் பல்பை மட்டும் மாற்ற வழியே இல்லாமல் இருந்தது. 1940 மாடல் கார்களிலிருந்து அங்கே பல்பு, ரிஃப்ளெக்டர், கண்ணாடி மூன்றும் ஒரே உருப்படியாக மூடிய 'சீல்டு பீம்'தான். எண்பதுகள் வரை சட்டம் வேறு எதையும் விடவில்லை. நம் வண்டிகளில் பல்பைத் தனியாகக் கழற்ற முடிந்தது. எங்கள் பிழைப்பும் நடந்தது.

எச்4 பல்பின் 60/55 வாட்டோடு யாருக்கும் திருப்தி இல்லை. பழைய ஹோல்டரிலேயே உட்காரும் 100/90 வாட் பல்பை சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து வாங்கி வந்து நீட்டுவார்கள். 45 வாட் பல்பு இரண்டு எரிந்தால் ஓடுவது 7.5 ஆம்பியர், 100 வாட் இரண்டுக்கு 16-ஐத் தாண்டும். ஒயர் என்னவோ அதே ஒயர்தான். அம்பாசடரில் கரண்ட் போகிற வழியையும் பாருங்கள். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு ஸ்விட்சுக்கு, அங்கிருந்து தரையில் காலால் மிதிக்கும் டிம் ஸ்விட்சுக்கு, பிறகு திரும்பி முன்பக்கத்துக்கு. மழைக்காலத்தில் டிரைவர் செருப்புச் சேறெல்லாம் அந்த ஸ்விட்சின் தலையில்தான். கழற்றினால் உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். பேட்டரியில் 12 வோல்ட் காட்டும் மீட்டர் பல்பு ஹோல்டரில் பத்தரைதான் காட்டும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும் என்பது இழை பல்பின் கணக்கு. திருடியது ஒயர், பழி பல்பு மேல். பெரிய பல்பு மாட்டியவர்களுக்குக் கொஞ்ச நாள் சந்தோஷம். அப்புறம் ஸ்விட்ச் உருகும் நாற்றம்.

ரிலே வந்த பிறகுதான் எங்கள் வேலைக்கு ஒரு மரியாதை வந்தது என்பேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும்; பல்புக்கான கரண்டை ஸ்விட்சைச் சுற்றவிடாமல் நேரே அனுப்பும். 30 என்று போட்ட பின்னில் பேட்டரி, 87-ல் பல்பு. 85, 86-ல் ஸ்விட்ச் கொண்டுவரும் துளி கரண்ட். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, நல்ல எர்த். இவ்வளவையும் செய்துவிட்டு அதே 45 வாட் பல்பை எரியவிட்டால், பல்பை மாற்றிவிட்டோம் என்றே சத்தியம் செய்வார்கள்.

எதிரே வருகிறவர் பாடு தனி. இருவழிச் சாலைக் காலத்தில் டிம் அடிக்காமல் வந்தால் கெட்ட வார்த்தைதான். ஹெட்லைட் நடுவே கறுப்புப் பெயின்ட்டும், பிற்பாடு கறுப்பு ஸ்டிக்கரும் வந்தது அதனால்தான். நான்கு வழிச் சாலையின் நடுத்திட்டில் நெருக்கி அரளி வைத்திருப்பதும் வெறும் அழகுக்கு அல்ல, எதிர் லைட்டை மறைக்கத்தான்.

இப்போது ஹாலஜன் டூமுக்குள் எல்இடி சொருகுகிறார்கள். இழை நிற்கும் இடத்தைக் கணக்கு வைத்து வளைத்த ரிஃப்ளெக்டர் அது. எல்இடி சில்லு அதே இடத்தில் உட்காராவிட்டால் வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டுப் புளியமரத்துக்குப் போகும். கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் ஹோல்டரில் மீட்டரை வைத்துக் காட்டுகிறேன். சிலர் ரிலே போட்டுக்கொள்கிறார்கள். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் பக்கத்துக் கடையில் எல்இடி மாட்டிக்கொண்டு போகிறார்கள்.