தீர்ப்புக்குப் பின் எழுந்த கோளம்

சொத்துரிமைச் சட்டம் படித்தவர்களுக்கு 'டல்க் எதிர் மாக்ஸே' வழக்கு மனப்பாடம். லண்டன் லெஸ்டர் சதுக்கத்தின் நடுவே இருந்த தோட்டத்தில் கட்டடம் எழுப்பக் கூடாது என்ற தடையை 1848 டிசம்பரில் லார்டு சான்சலர் காட்டன்ஹாம் உறுதிசெய்தார். பத்திரத்தில் போட்ட நிபந்தனை அதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவரோடு முடிந்துவிடாது. விஷயம் தெரிந்தே பின்னால் வாங்குகிறவரையும் அது பிடிக்கும் என்ற கொள்கை அந்தத் தீர்ப்பால் நிலைபெற்றது. பாடநூல்கள் இதைச் சொல்லிவிட்டு அடுத்த வழக்குக்குத் தாவிவிடும்.

என்னைத் தாவ விடாமல் நிறுத்தியது ஒரு பழைய சித்திரம். 1851-ம் ஆண்டு லெஸ்டர் சதுக்கம் அது. தோட்டம் இருக்க வேண்டிய இடத்தில் பிரம்மாண்டமான குவிமாடக் கட்டடம் நிற்கிறது. தடை உறுதியாகி மூன்று வருடம்கூட ஆகவில்லை!

கட்டடம் எதுவென்று கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. நிலப்பட வியாபாரியும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜேம்ஸ் வைல்டு கட்டிய 'பெரும் கோளம்' அது. சுமார் 60 அடி விட்டம். பூமிப்பந்தை உள்பக்கமாகத் திருப்பிப்போட்டதுபோல, மலைகளும் கடல்களும் உட்சுவரில் புடைப்பாக இருக்கும். பார்வையாளர்கள் உள்ளே மாடிமாடியாக ஏறி உலகத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்த கூட்டம் இங்கேயும் திரண்டது. எனக்கு வேண்டியது வேறு: இதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள்?

மேல்முறையீட்டில் தீர்ப்பு கவிழ்ந்திருக்குமோ என்று பார்த்தேன். கவிழவில்லை, இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. தடையை மீறிக் கட்டியிருப்பாரோ? நகரின் நட்டநடுவில், ஊரே பார்க்க, பத்து வருடம் காசு வாங்கி நடத்திய காட்சி. மீறல் என்றால் டல்க் குடும்பம் சும்மா இருந்திருக்காது. ஆகவே வழக்கறிக்கைக்கே திரும்பினேன். அறிக்கையின் தொடக்கத்தில் 1808-ம் ஆண்டுப் பத்திரத்தின் வாசகம் இருக்கிறது. தீர்ப்புக்கு ஓடுகிற அவசரத்தில் பலரும் தாண்டிப்போகிற பகுதி.

அந்த வருடம் டல்க், தோட்டத்தை எல்ம்ஸ் என்பவருக்கு விற்றார். சுற்றிலும் இருந்த வீடுகள் சிலவற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். வாங்கியவர் தன் செலவில் தோட்டத்தையும் இரும்புக் கம்பிவேலியையும் பராமரிக்க வேண்டும், கட்டடம் ஏதுமின்றித் திறந்த வெளியாக வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதை ஒட்டியே ஒரு சின்ன ஏற்பாடு: சதுக்கத்தில் குடியிருக்கும் டல்க்கின் வாடகைதாரர்கள் நியாயமான கட்டணம் செலுத்தி, சொந்தச் செலவில் தோட்டத்துக்குச் சாவி வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சாவி வரிதான் எனக்குத் துப்பு. நிபந்தனை ஊர்ப் பொதுநலனுக்காகப் போட்டதல்ல. டல்க்கின் வீடுகளுக்கு மதிப்புக் கூட்டப் போட்டது. பலன் யாருக்கோ, தளர்த்தும் உரிமையும் அவருக்கே. பின்னால் நிலத்தை வாங்கிய மாக்ஸேயின் பத்திரத்தில் இந்த நிபந்தனையே இல்லை. ஆனால் அப்படி ஒன்று இருப்பது தெரியும் என்று அவரே ஒப்புக்கொண்டிருந்தார். நிபந்தனையால் விலை குறைந்த நிலத்தை வாங்கி, மறுநாளே நிபந்தனை இல்லாததுபோல் கூடுதல் விலைக்கு விற்க விடுவது அநியாயம் என்பது காட்டன்ஹாமின் வாதம். டல்க் சம்மதித்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அவர் முன் வரவே இல்லை.

1966-ல் வெளியான 'சர்வே ஆஃப் லண்டன்' சோஹோ தொகுதிகள் மிச்சத்தைச் சொல்லின. மாக்ஸே இறந்தபின், வைல்டு நிலத்துக்காக மட்டும் பேரம் பேசவில்லை. டல்க் குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசியிருக்கிறார். கோளம் பத்தாண்டுக்குத்தான், அதன்பின் தோட்டத்தில் ஒரு பங்கைக் குடும்பம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. மாக்ஸே நீதிமன்றத்தில் தோற்றதை வைல்டு மேசையில் பேசி வாங்கிவிட்டார். இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த அத்தியாயத்தை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததில்லை. மனைத்தொழிலில் இருப்பவருக்குத் தீர்ப்பைவிட இதுதான் பயன்படும்.

1862-ல் கோளம் போனது. தோட்டம் குப்பைமேடானது; விளம்பரப் பலகைகள் அதை அடைத்தன. அங்கிருந்த முதலாம் ஜார்ஜ் மன்னரின் குதிரைச் சிலைக்கு 1866-ல் ஒரு ராத்திரியில் யாரோ கரும்புள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். 1874-ல் ஆல்பர்ட் கிராண்ட் என்ற நிதி வியாபாரி இடத்தை வாங்கிச் சீரமைத்து, நடுவில் ஷேக்ஸ்பியர் சிலையும் வைத்து நகர நிர்வாகத்திடம் ஒப்படைத்தார். அதன்பின் அது பொதுத் தோட்டம்.

பலன் பெறும் மனை யாருடையது என்ற அதே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பிந்தைய வழக்குகளைப் புரட்டினால் முடிச்சுகள் தாமாக அவிழ்கின்றன. 1914-ல் லண்டன் கவுண்டி கவுன்சில், சாலைக்கென ஒதுக்கிய நிலத்தில் வீடு கட்டிய ஆலன் தரப்பின் மீது வழக்குப் போட்டது. அங்கே கட்டக் கூடாது என்ற நிபந்தனை எழுத்தில் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் பலன் பெறக்கூடிய பக்கத்து நிலம் ஒன்றுகூடக் கவுன்சில் கைவசம் இல்லை. நிலத்தைப் பின்னால் வாங்கிய திருமதி ஆலனை அந்த நிபந்தனை கட்டவில்லை, கவுன்சில் தோற்றது.

மெய்டன்ஹெட் ஊரில் நடந்தது இதற்கு நேரெதிர். கார் நிறுத்த மட்டுமே பயன்பட வேண்டும் என்று 1972-ல் பக்கத்து விவசாயிக்கு எழுதிக் கொடுத்த நிலத்தில், ஒரு கட்டுமான நிறுவனம் நிபந்தனை தெரிந்தே 13 வீடுகளைக் கட்டியது. விவசாயியின் மகன் தன் நிலத்தில் ஒரு பகுதியை அதற்குள் குழந்தைகளுக்கான நோய்த்தணிப்பு இல்லத்துக்கு, அலெக்சாண்டர் டெவைன் அறக்கட்டளைக்குத் தானமாகக் கொடுத்திருந்தார். ஆட்சேபம் வந்தபிறகும் வேலை நிற்கவில்லை. கட்டி முடித்தபின், நிபந்தனையை நீக்கக் கோரி, 1925-ம் ஆண்டு ஆங்கிலச் சொத்துச் சட்டத்தின் 84-வது பிரிவின் கீழ் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 1,50,000 பவுண்டு இழப்பீட்டோடு சம்மதித்தது தீர்ப்பாயம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ரத்தை உறுதிசெய்தது. கட்டுவதற்கு முன்பே கேட்டிருந்தால், நிபந்தனை இல்லாத பகுதியிலேயே வீடுகளை அமைக்கலாமே என்ற பதில் வந்திருக்கும்; கட்டிவிட்டு வந்து அந்தப் பதிலிலிருந்து தப்பிக்கக் கூடாது என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று.

டல்க்கின் வழக்கு நம் ஊருக்கும் கப்பலேறியது. 1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 40-வது பிரிவில் அதன் சாரம் இருக்கிறது: தன் சொத்தின் அனுபோகத்துக்காக அடுத்தவர் நிலத்தின் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமை; விஷயம் தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரிடம் செல்லாது. ஆனால் பதிவான பத்திரம் என்றால், வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வில்லங்கச் சான்றில் எண்ணும் தேதியும் ஆட்களும் வருமே தவிர, பத்திரத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது வராது. பழைய லேஅவுட்டில் மனை வாங்கி அடுக்குமாடி எழுப்ப நினைப்பவர், முதல் சொந்தக்காரர் மனை பிரித்து விற்ற தாய்ப் பத்திரத்தின் நகலை எடுத்துக் கடைசிப் பக்கம்வரை படிக்க வேண்டும். அதில் தடை இருந்தால், அவருக்கோ வாரிசுக்கோ பக்கத்தில் இன்னும் நிலம் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். இருந்தால், அஸ்திவாரம் தோண்டுமுன் போய்ப் பேச வேண்டிய வீடு அதுதான்.