ஆறு வோல்ட் வண்டி

போன மாதம் தங்கை மகன் சென்னையிலிருந்து போன் செய்தான். 1951ஆம் வருஷத்து செவ்ரோலே ஒன்றை வாங்கிவிட்டானாம். "மாமா, வண்டி ஆறு வோல்ட்டு. மெக்கானிக் பன்னிரண்டுக்கு மாத்திடலாம்னு சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?" என்றான். நான் மெக்கானிக் இல்லை. முப்பத்தைந்து வருஷம் கோப்பு தள்ளிய குமாஸ்தா. ஆனால் இந்தக் கேள்வியால் எங்கள் குடும்பத்தில் ஒரு கார் கையை விட்டுப் போயிருக்கிறது. அதுவும் அவன் அம்மா பிறந்த இரவில். அந்தக் கதை அவனுக்குத் தெரியாது.

என் சித்தப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரை போய் வலது தோளில் காயத்தோடும் பென்ஷனோடும் புதுச்சேரி திரும்பியவர். 1954 நவம்பரில் நிர்வாகம் கை மாறியபின் ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து கறுப்பு சித்ரோயன் ஒன்றை வாங்கினார். த்ராக்‌ஷியோன் அவான், அதிலும் சின்னதான 'ஓன்ஸ் லெழேர்'. 1934இல் வந்து 1957 வரை தயாரான வகை அது. எஞ்சின் முன்சக்கரங்களை இழுக்கும். அடிச்சட்டம் தனியாகக் கிடையாது. தாழ்வாக, தரையைத் தடவிக்கொண்டு போகும். எனக்கு அப்போது ஆறு வயது. அதைவிடப் பெரிய அதிசயம் உலகத்தில் இருப்பதாக நான் நம்பவில்லை.

எட்டு வருஷம் அது குறையில்லாமல் ஓடியது. 1963 மழைக்காலத்துக்கு முன்னால் பேட்டரி கேபிள் பச்சை பூத்து அரித்துப்போய்விட்டது. பிரெஞ்சு சாமான் கிடைப்பது குதிரைக்கொம்பாகியிருந்த காலம். மெக்கானிக் ஒருவர் புதுக் கேபிள் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து ஸ்டார்ட்டர் சோம்பேறி ஆனது. காலையில் எப்படியோ எழுந்துவிடும். இரவில், ஈரத்தில், முனகும். "ஆறு வோல்ட்டு முசே, இவ்வளவுதான் வரும். இப்ப வர்ற வண்டியெல்லாம் பன்னிரண்டு" என்றார் மெக்கானிக்.

நவம்பரில் ஒரு நள்ளிரவு, கொட்டும் மழையில் சித்திக்கு வலி எடுத்தது. சித்தப்பா சாவியைப் போட்டு ஸ்டார்ட்டரை இழுத்தார். எஞ்சின் ஒரு அரைச்சுற்று சுற்றி நின்றது. விளக்கைப் போட்டால் காமாலைக் கண் மாதிரி ஒரு மஞ்சள். (பிரான்சில் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை முன்விளக்கு மஞ்சளாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அன்று மஞ்சளுக்குள் வெளிச்சமே இல்லை.) முன்னால் துவாரத்தில் 'மானிவெல்' செருகிக் கையால் சுற்றலாம். சித்தப்பாவின் தோள் இடம் கொடுக்காது. பதினான்கு வயதில் நான் சுற்றினேன். அது எதிர்த்து உதைத்து என் மணிக்கட்டைப் பெயர்த்ததுதான் மிச்சம். கடைசியில் தெருமுனை சைக்கிள் ரிக்‌ஷாக்காரரை எழுப்பி, தார்ப்பாயைப் போர்த்திச் சித்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் சித்தப்பா அடுத்த மாதமே காரை விற்றுவிட்டார், பழைய இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே. "ஆறு வோல்ட்டை நம்பி இனி ராத்திரியில இறங்க மாட்டேன்" என்றார்.

ஆறு அவ்வளவு மட்டமானதா? இந்தக் கேள்வி எனக்குள் வெகுகாலம் கிடந்தது. கிடைத்ததைப் படித்துப் பார்த்ததில் கதை வேறு மாதிரி இருந்தது.

காரில் மின்சார ஸ்டார்ட்டரை நிலைநாட்டியவர் அமெரிக்காவின் டேடன் நகரத்து சார்ல்ஸ் கெட்டரிங். அதற்கு முன் அவர் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மோட்டார் வைத்தவர். சில விநாடி மட்டுமே வேலை செய்யும் மோட்டார் சின்னதாக இருந்தாலும் போதும், அந்த நேரத்துக்கு அதன் சக்திக்கு மேல் வேலை வாங்கலாம் என்பது அங்கே அவர் கற்ற பாடம். அதைத்தான் 1912 கேடிலாக்கில் வைத்தார். வேடிக்கை என்னவென்றால் அந்த முதல் ஏற்பாடு ஆறும் இல்லை, பன்னிரண்டும் இல்லை. ஸ்டார்ட் செய்ய 24 வோல்ட், மற்றதற்கெல்லாம் 6 வோல்ட் என்று பேட்டரிகளை மாற்றி மாற்றி இணைக்கும் சிக்கலான அமைப்பு. 1914இல் வந்த டாட்ஜ் கார் 12 வோல்ட். ஆக, பன்னிரண்டு ஒன்றும் பிற்காலக் கண்டுபிடிப்பு அல்ல. அது முதலிலேயே வந்து, பிறகு பின்தங்கிப் போனது.

ஆறு ஜெயித்ததற்குக் காரணம் சிக்கனம். ஈய பேட்டரியின் ஒரு அறை தருவது சுமார் 2 வோல்ட். ஆறுக்கு மூன்று அறை போதும். பன்னிரண்டுக்கு ஆறு அறை வேண்டும். இன்னொன்று, ஆறு வோல்ட் பல்பின் இழை தடிமனானது. அக்காலக் கரடுமுரடு சாலையில் குலுங்கினாலும் சுலபத்தில் அறாது. எஞ்சின்களும் சாதுவானவை. ஃபோர்டு 'டி' மாடலின் அழுத்த விகிதம் சுமார் 4-க்கு 1. அதைச் சுற்றப் பெரிய பலம் வேண்டாம். 1919இல் அதற்கு ஸ்டார்ட்டர் வந்தபோது 6 வோல்ட்டாகவே வந்தது.

நிலைமையை மாற்றியது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சின். 1953 கேடிலாக்கில் அழுத்த விகிதம் 8-ஐத் தாண்டிவிட்டது. குளிர்ந்த எஞ்சினை அசைப்பதே பாடு. அதோடு எட்டு சிலிண்டருக்கும் வேகமாகப் பொறி கொடுக்க வேண்டும். ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் நடுவே காயில் நிரம்ப நேரம் போதவில்லை. 12 வோல்ட்டில் சீக்கிரம் நிரம்பும். ரேடியோ, ஹீட்டர், மின்சாரக் கண்ணாடி என்று சுமையும் ஏறியது. 1953இல் கேடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபிலும் மாறின; 1955இல் செவ்ரோலே; 1956இல் ஃபோர்டு. ஐரோப்பாவில் சின்ன எஞ்சின்காரர்களுக்கு அந்த அவசரம் இல்லை. 1948இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டிய 'தெ ஷெவோ' 375 சிசி. அது 1970 வரை ஆறிலேயே ஓடியது. ஆரம்பத்தில் அதன் வைப்பர்கூட மின்சாரம் கேட்கவில்லை. வேகமானியின் கேபிளே அதை ஆட்டும். வண்டி மெதுவாகப் போனால் வைப்பரும் மெதுவாகப் போகும். அந்தக் கஞ்சத்தனத்தில் ஒரு அழகு உண்டு என்பது என் கட்சி.

சரி, பலவீனம் எங்கே? பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு ஓம் விதியைச் சொல்லிக்கொடுத்தபோது மின்னழுத்தத்துக்கு 'தான்சியோன்' என்பார்கள். இரத்த அழுத்தத்துக்கும் அதே சொல்தான். சித்தப்பா காருக்கு தான்சியோன் குறைவு என்று நாங்கள் சிரிப்போம். கணக்கைப் போட்டிருந்தால் சிரித்திருக்க மாட்டோம்.

இரண்டு முன்விளக்கும் சேர்ந்து 72 வாட் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் 12 ஆம்பியர் ஓட வேண்டும். வழியில் துருவும் தளர்வுமாக 0.1 ஓம் தடை இருக்கிறது. 12 வோல்ட் வண்டியில் அங்கே தொலைவது 0.6 வோல்ட், அதாவது நூற்றுக்கு 5. ஆறு வோல்ட் வண்டியில் 1.2 வோல்ட், நூற்றுக்கு 20. அதே துரு, நாலு மடங்கு நஷ்டம். பல்பின் குணம் இன்னும் மோசம்: அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். ஸ்டார்ட்டருக்கோ 800 வாட் என்றாலே ஆறில் 130 ஆம்பியருக்கு மேல். அதனால்தான் ஆறு வோல்ட் வண்டியின் பேட்டரி கேபிள் கட்டைவிரல் தடிமன் இருக்கும். சரியான கேபிளும் சுத்தமான முனையும் இருந்தால் ஆறு தன் வேலையைச் செய்துவிடும். அசட்டையைத்தான் பொறுக்காது.

1974இல் ஒரு பணிமனைக் கிடங்கின் கணக்கு என் மேசைக்கு வந்தது. அங்கே பேட்டரி கேபிள் வாங்கும் கோப்பில் சந்தேகம் கேட்கப் போனால், அந்தப் பழைய மெக்கானிக் உட்கார்ந்திருக்கிறார். பேச்சு எங்கள் சித்ரோயனுக்குத் திரும்பியது. கொஞ்ச நேரம் கையிலிருந்த கேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, அன்னிக்கு நான் போட்டது அம்பாசிடர் கேபிள். பன்னிரண்டு வோல்ட்டுக்கு உள்ளது. பார்க்கப் புதுசா இருந்துச்சு, போட்டுட்டேன். எர்த்தையும் பெயின்ட் மேலயே முடுக்கினேன். பின்னால அமெரிக்க வண்டி பார்க்கறப்பத்தான் எனக்கே புரிஞ்சுது" என்றார். அவர் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. அதனால் எனக்குக் கோபம் வரவில்லை.

சித்தப்பாவிடம் அன்று மாலையே சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். "ஒரு கேபிளா?" என்றார். பிறகு, "இப்ப சொல்லி என்ன, வண்டியா வரப்போகுது" என்று உரிப்பதைத் தொடர்ந்தார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று சித்தி சொன்னார்.

இதையெல்லாம் தங்கை மகனுக்குச் சொன்னேன். மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டைனமோவும் வயரிங்கும் ஏற்கெனவே போய்விட்ட வண்டி, இரவில் நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டும் என்றால் பன்னிரண்டுக்குப் போகலாம். ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டுப் போகிற வேலை அல்ல அது. டைனமோ, ரெகுலேட்டர், காயில், எல்லா பல்பும் மாற வேண்டும். ஹாரன், வைப்பர், பெட்ரோல் அளவி, கடிகாரம் எல்லாவற்றுக்கும் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்க வழி பார்க்க வேண்டும். பழைய ஸ்டார்ட்டரையே விட்டு வைப்பவர்கள் உண்டு. சுற்றும், ஜோராகவே சுற்றும். ஆனால் இரட்டை வேகத்தில் பாய்ந்து பல்சக்கரத்தை மோதும். பல் உடைந்தால் செலவு அப்போது தெரியும். இத்தனையும் செய்தபின் எர்த் பெயின்ட் மேலேயே இருந்தால், பன்னிரண்டும் ஒருநாள் முனகத்தான் போகிறது.

"முதலில் ஒரு காரியம் செய்" என்றேன். "மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் கம்பத்தில் வை, இன்னொன்றை ஸ்டார்ட்டர் உடம்பில் வை. யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மெக்கானிக்கை அனுப்பிவிட்டு உப்புத்தாளை எடு."

இரண்டு நாள் கழித்துப் பேசினான். 0.9 காட்டியதாம். எர்த் பட்டையைக் கழற்றினால் அடியில் மூன்று அடுக்கு பெயின்ட். பேட்டரி கேபிளோ சுண்டுவிரல் தடிமன்தான். யாரோ ஏதோ ஒரு மாருதியிலிருந்து எடுத்துப் போட்டது. பெயின்டைச் சுரண்டி, தடிமனான செம்புக் கேபிள் இரண்டு செய்து போட்டிருக்கிறான். விளக்குக்கு ரிலே வைக்கப் போகிறானாம். பன்னிரண்டு வோல்ட் பேச்சை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து வண்டியை இங்கே ஓட்டி வந்தான். வாசலில் நிறுத்தி, அணைத்து, எனக்காக மறுபடி ஸ்டார்ட் செய்து காட்டினான். இரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டது. தங்கை இறங்கவில்லை. "அண்ணே, நீங்க பின்னாடி ஏறுங்க, பீச் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றாள்.