முன்னறிந்த தளபதி

சிங்கப்பூர் வீழ்ந்த கதையைக் கூறுவோர் பெரும்பாலும் பீரங்கிகளிலிருந்தே தொடங்குவர். பீரங்கிகள் கடலை நோக்கி நின்றன, பகைவனோ நிலத்தின் வழியே வந்தான் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை. அதில் பாதிதான் உண்மை. சாங்கிப் பகுதியிலிருந்த பெரும் பீரங்கிகளுள் சில ஜொகூர்ப் பக்கம் திருப்பிச் சுடப்பட்டன. ஆனால் அவற்றுக்கு இருந்த குண்டுகளிற் பெரும்பாலானவை கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கென வார்க்கப்பட்டவை. தரைப்படைக்கு எதிராக அவை அதிகம் பயன்படவில்லை. பீரங்கியைவிடத் தலைவர்களின் மனத்தைத் திருப்புவதே அரிதாயிருந்தது. ஆராயவேண்டியது அதுவே.

1937ஆம் ஆண்டில் மலாயாப் படைத்தலைவராக இருந்தவர் ஜெனரல் டாபி. அவருக்குக் கீழ்த் தலைமைப் பணியலுவலராக இருந்தவர் கர்னல் ஆர்தர் பெர்சிவல். சிங்கப்பூரைக் கைப்பற்ற எண்ணினால் ஜப்பானியர் எவ்வழியே வருவர் என்பதைப் பகைவனின் இடத்தில் தம்மை வைத்து எண்ணி எழுதும் பணி பெர்சிவலுக்கு வந்தது. தென் சயாமின் சிங்கோரா, பத்தானித் துறைகளிலும் கிளந்தானின் கோத்தா பாருவிலும் இறங்கி, தீபகற்பத்தின் வழியே அவர்கள் தெற்கு நோக்கி வரக்கூடும் என்று அவர் கண்டார். வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் கிழக்குக் கரையிற் படையிறக்க இயலாதென்ற நம்பிக்கை அந்நாளில் வலுவாக இருந்தது. டாபியும் பெர்சிவலும் அதனை ஏற்கவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் அதே வழியில், அதே பருவத்தில் வந்தனர்.

இத்துணைத் தெளிவாகக் கண்டவரே 1941ஆம் ஆண்டு மே மாதம் மலாயாவின் படைத்தலைவராகத் திரும்பி வந்தார். அப்படியிருந்தும் சிங்கப்பூரின் வடகரையில் அரண் எழவில்லை. ஏன்?

பெர்சிவல் கோழையல்லர். 1914இல் இலண்டனில் இரும்புத்தாது வணிக நிலையம் ஒன்றில் எழுத்தராக இருந்த அவர், போர் மூண்டதும் சாதாரணப் படைவீரராகச் சேர்ந்தார்; அந்தப் போர் முடிவதற்குள் ஒரு பட்டாளத்தை நடத்துமளவுக்கு உயர்ந்து வீரப் பதக்கங்களும் பெற்றார். அறிவும் உழைப்பும் மிக்கவர். மேலோர் இட்ட வரம்புக்குள் நின்று, கிடைத்ததைக் கொண்டு செய்து முடிப்பவர். பிறரோடு மோதுவது அவர் இயல்பன்று. பணியலுவலருக்கு இவையெல்லாம் நற்குணங்கள். 1937இல் அவர் உண்மையைக் கண்டு எழுதினாற் போதும். 1941இலோ அந்த உண்மைக்காகப் பலரோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது.

கூலி விவகாரம் ஒன்றையே பார்க்கலாம். அரண் கட்ட ஆள் வேண்டும். படைத்துறைத் தொழிலாளருக்கு இலண்டன் போர் அமைச்சு வகுத்த கூலி, நாட்டில் நடப்பிலிருந்த கூலியைவிடக் குறைவு. அந்தக் கூலிக்கு எவர் வருவர்? தோட்டங்களிலிருந்தும் ஈயச் சுரங்கங்களிலிருந்தும் ஆளை இழுக்கவும் வழியில்லை. ரப்பரும் ஈயமும் பிரிட்டனுக்கு டாலர் ஈட்டித் தந்தவை. அவற்றின் உற்பத்தி குறையலாகாது என்பதே ஆளுநர் ஷென்டன் தாமசுக்கு இடப்பட்டிருந்த கட்டளை. விமானப்படையும் கடற்படையும் பெர்சிவலின் ஆணைக்கு உட்பட்டவையல்ல. பதவியின் பெயர் பெரிது. கை எட்டிய தொலைவு சிறிது.

அவருக்கு மேலிருந்த தூரகிழக்குத் தலைமைத் தளபதி புரூக்-போப்பமின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வயது 63. அவரை மாற்றுவதென்று இலண்டனில் முன்னரே முடிவாகியிருந்தது. ஜப்பானியர் வருமுன் சயாமுக்குள் புகுந்து சிங்கோராவைப் பிடிப்பதே பிரிட்டிஷாரின் திட்டம். டிசம்பர் 5ஆம் நாள், தக்க சான்று கிடைத்தால் இலண்டனைக் கேளாமலே அதைத் தொடங்கலாம் என்ற உரிமை அவருக்கு வந்தது. மறுநாளே ஜப்பானியக் கப்பற்கூட்டம் விமானத்திலிருந்து காணப்பட்டது. அவர் தயங்கினார். சயாமின் நடுநிலையைப் பிரிட்டன் முதலில் மீறலாகாதென்று பாங்காக்கிலிருந்த பிரிட்டிஷ் தூதர் தந்தியடித்தார். அமெரிக்கா என்ன நினைக்குமோ என்ற அச்சமும் இருந்தது. முடிவைப் பிறர் எடுத்துத் தருவதற்கே பழகியவரிடம் திடீரென அதிகாரத்தைக் கொடுத்தால் அவர் அதைப் பயன்படுத்துவாரா? 8ஆம் நாள் நள்ளிரவு கடந்து ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். புறப்பட ஆயத்தமாய் நின்ற 11ஆம் இந்தியப் பிரிவுக்குத் திட்டம் கைவிடப்பட்ட செய்தி அன்று பிற்பகலில்தான் எட்டியது. கெடாவின் ஜித்ராவில் மழைநீர் நிரம்பிய அரைகுறைப் பதுங்குகுழிகளுக்கு அவர்கள் திரும்பினர். சில நாட்களுக்குள் ஜித்ரா போயிற்று.

டிசம்பர் 26ஆம் நாள் இரவு, தலைமைப் பொறியாளர் சிம்சன் பெர்சிவலைக் கண்டு, வடகரையில் உடனே அரண்கள் எழுப்பவேண்டுமென்று மன்றாடினார். பொருள்கள் இருந்தன, நாளும் சில இருந்தன. அரண் கட்டுவது படையினருக்கும் பொதுமக்களுக்கும் மனச்சோர்வை உண்டாக்கும் என்று கூறிப் பெர்சிவல் மறுத்ததாகச் சிம்சன் பின்னாளில் எழுதினார். தலைவர் பதவியில் இருப்பவர், தாம் செய்வதை ஊர் எப்படிக் கொள்ளும் என்பதையும் பார்த்தே தீரவேண்டும். பார்த்துப் பார்த்து, ஊரின் முகமே பெரிதாகி, பகைவன் சிறிதாகிவிட்டான்.

இடித்துரைக்கும் பெரியோர் வேந்தனுக்குத் துணையாக வேண்டும் என்றார் வள்ளுவர். சிங்கப்பூரில் இடித்துரைப்பார் இருந்தனர், கேட்பார்தாம் இல்லை. பகைவன் தீவின் வடமேற்கே இறங்குவான் என்று மேலதிகாரி வேவல் கருதினார். பெர்சிவல் வடகிழக்கையே எதிர்பார்த்து, புதிதாக வந்த 18ஆம் பிரிட்டிஷ் பிரிவை அங்கே நிறுத்தினார். வேவல் தம் கருத்தைச் சொன்னார், ஆணையிடவில்லை. பிப்ரவரி 8ஆம் நாள் இரவு ஜப்பானியர் வடமேற்கே இறங்கினர். அங்கே நீண்ட கரையில் ஆஸ்திரேலியர் சிதறலாக நிறுத்தப்பட்டிருந்தனர்.

தவறு பெர்சிவலோடு நிற்கவில்லை. நிலப்பக்கம் நிலையான அரணே இல்லை என்பதைப் பிரதமர் சர்ச்சில் வேவலின் தந்தி கண்டு 1942 ஜனவரியில்தான் அறிந்தார். சிங்கப்பூரைக் ‘கோட்டை’ என்று அவர் பன்னாள் சொல்லிவந்தார். சொன்ன சொல்லை அவரே நம்பிவிட்டார். தமக்கு அறிவித்திருக்க வேண்டும், தாமும் கேட்டிருக்க வேண்டும் என்று தம் போர் வரலாற்றில் அவர் ஒப்புக்கொண்டார். அவ்வளவு வலிமையோடு பேசும் ஒருவரிடம், கோட்டைக்குச் சுவரில்லை என்று வலியச் சென்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

எதிரே நின்ற யமாஷித்தாவின் துணிவை அளவிடும்போதும் கவனம் வேண்டும். தரப்படவிருந்த நான்காவது பிரிவை வேண்டாமென்று மூன்றோடு வந்தவர் அவர். தீவில் அவரிடமிருந்த படை பிரிட்டிஷ் தரப்பின் 85,000 பேரிற் பாதிகூட இல்லை, குண்டுகளும் தீர்ந்துகொண்டிருந்தன. அதை மறைத்து, பிப்ரவரி 15ஆம் நாள் புக்கித் தீமா போர்டு தொழிற்சாலையில் உடனடியாகச் சரணடையுமாறு அவர் மிரட்டினார். பெர்சிவல் பணிந்தார். நீர்த்தேக்கங்கள் பகைவன் வசமாகி, மக்கள் நிறைந்த நகரம் தாகத்தால் தவித்த நேரம் அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யமாஷித்தாவின் கணக்கு சற்றே பிசகியிருந்தால், அதே துணிவு மூடத்தனம் எனப் பெயர் பெற்றிருக்கும். வெற்றிக்குப்பின் அவருடைய படை சிங்கப்பூர்ச் சீனரைக் கொன்று குவித்தது.

இந்தத் தீர்மானங்களுள் எதிலும் வாய்திறக்க இடமில்லாதவர்களே அவற்றின் விலையைக் கொடுத்தனர். தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை இணைந்தபோது, லயங்களில் எத்தனையோ குடும்பங்கள் ஆண்துணை இழந்திருந்தன.

1945 செப்டம்பர் 2ஆம் நாள், சிறையிலிருந்து மீண்ட பெர்சிவல் மிசூரி போர்க்கப்பலில் மக்கார்தரின் பின்னால் நின்றார்; சரணடைவை ஏற்றுக் கையொப்பமிட்ட பேனாக்களுள் ஒன்றை மக்கார்தர் அவருக்கு அளித்தார். மறுநாள் பிலிப்பைன்சின் பாகியோவில் யமாஷித்தா சரணடைந்தபோதும் பெர்சிவல் அங்கே இருந்தார். யமாஷித்தா 1946 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். பெர்சிவல் 1949இல் மலாயாப் போரைப் பற்றித் தம் நூலை வெளியிட்டார். பிறரைக் கடிந்துரைப்பது அரிதான, அடக்கமான நூல் அது.