பிள்ளையை எங்கே சேர்ப்பது?

நியூயார்க்கில் 1950களில் கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்று சட்டம் எதுவும் கிடையாது. பள்ளி மட்டும் தனியாக இருந்தது. வெள்ளையர் தெருவில் கறுப்பருக்கு வீடு தரமாட்டார்கள். எந்தத் தெருவில் குடியிருக்கிறாயோ அந்தத் தெருவுக்கான பள்ளியில்தான் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்று கோடு போடுவது நகரக் கல்வி வாரியம். இந்த மூன்றும் இருக்கும்போது சட்டம் எதற்கு?

1954-இல் பிரவுன் வழக்கில் இனவாரிப் பள்ளிகள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது தெற்கத்தி மாநிலத்து அசிங்கம், நமக்கில்லை என்று நியூயார்க்கின் பெரிய மனிதர்கள் இருந்துவிட்டார்கள். அந்தத் தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்ட ஆய்வுகளைச் செய்த கறுப்பு உளவியலாளர் கென்னத் கிளார்க்தான், இந்த ஊரிலும் அதுதானே நடக்கிறது என்று கேட்டவர். நகரப் பள்ளிகளின் தலைமைக் கண்காணிப்பாளர் வில்லியம் ஜான்சென் என்ன செய்தார்? ‘ஒதுக்கல்’ என்ற சொல் வேண்டாம், ‘பிரிந்திருத்தல்’ என்று சொல்லுங்கள் என்று அதிகாரிகளுக்குச் சொல்லிவைத்தார். பேரை மாத்துனா நாத்தம் போயிடுமா? சேரியைக் காலனி என்று எழுதிப் பழகிய நாட்டில் இருந்துகொண்டு இதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

சேரிப் பள்ளியில் படித்து வந்த எனக்கு இதுவரை எதுவும் புதிதாகப் படவில்லை. என்னை நிறுத்தி வைத்தது ஹார்லத்துத் தாய்மார் செய்த காரியம். அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான் ஹார்லம் இருக்கிறது.

மே மாலரி ஜார்ஜியாவில் பிறந்து சிறுமியாக நியூயார்க் வந்தவர். ஆலை வேலைக்குப் போய்க்கொண்டே தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்தவர். 1957-இல், என் மகளை இந்தக் கோட்டுக்குள்ளேயே அடைத்து வைக்க நீங்கள் யார் என்று கல்வி வாரியத்தின்மேல் வழக்குப் போட்டார். பால் ஜூபர் என்ற கறுப்பு வழக்கறிஞர் துணை நின்றார். 1958-இல் பள்ளி திறந்தபோது மாலரியோடு இன்னும் எட்டுத் தாய்மார் சேர்ந்தார்கள். எங்க புள்ளைங்களை உங்க நடுநிலைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம், வேற பள்ளியில எடம் குடுங்க என்று வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். பாடம் விட்டுப்போகாமல் இருக்கத் தனியாக வாத்தியார் ஏற்பாடும் செய்தார்கள். ‘ஹார்லம் ஒன்பது’ என்று அவர்களுக்குப் பேர் வந்தது.

ஏன் நடுநிலைப் பள்ளி? ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை அங்கேதான். கல்லூரிப் பக்கம் போகிற உயர்நிலைப் பள்ளியா, கைத்தொழில் பள்ளியா என்று பிள்ளையின் தலையெழுத்தை எழுதும் இடம் அது. அவர்கள் மறுத்த பள்ளிகளில் ஒன்று 139-ஆம் எண் பள்ளி. ஜேம்ஸ் பால்ட்வின் படித்த பள்ளி. கவிஞர் கவுன்டீ கல்லன் வாத்தியாராக இருந்த பள்ளி. ஆக, கறுப்பர் பள்ளி என்ற இளக்காரத்தில் அவர்கள் விலகவில்லை. வெள்ளைப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் அறிவு ஒட்டிக்கொள்ளும் என்று மாலரி நம்பியவரும் அல்ல. வாத்தியார் இருக்கிற பள்ளியைக் கேட்டார், அவ்வளவுதான். நகரத்தில் அப்படிப்பட்ட பள்ளிகள் வெள்ளையர் தெருக்களில் இருந்தன.

வாரியம் கட்டாயக் கல்விச் சட்டத்தைக் கையில் எடுத்தது. பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள், புறக்கணித்தவர்கள் என்று அந்தத் தாய்மாரையே கூண்டில் ஏற்றியது. முதலில் விசாரித்த நீதிபதி நான்கு பெற்றோரைக் குற்றவாளிகள் என்றார். அடுத்து இரண்டு குடும்பங்களின் வழக்கு ஜஸ்டின் வைஸ் போலியர் என்ற பெண் நீதிபதியிடம் வந்தது. அவர் வாரியத்தின் கணக்கையே எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். கறுப்பு, போர்ட்டோ ரிக்கோ பிள்ளைகள் நிறைந்த நடுநிலைப் பள்ளிகளில் ஏறக்குறையப் பாதி ஆசிரியர் இடங்களில் முறையான உரிமம் பெற்ற ஆசிரியர் இல்லை. வெள்ளையர் பள்ளிகளில் அப்படிப்பட்ட இடங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பாகுபாடு காட்டித் தாழ்த்தப்பட்ட கல்விக்குப் பிள்ளையை அனுப்புவதைவிட, அனுப்பாமல் இருக்கப் பெற்றோருக்கு அரசியல் சட்ட உரிமை உண்டு என்று 1958 டிசம்பரில் தீர்ப்பு எழுதினார். தெற்கே அல்ல, வடக்கே, நியூயார்க்கில்!

1959-இல் வாரியம் இறங்கி வந்தது, சில பிள்ளைகளுக்கு வேறு பள்ளி கிடைத்தது. 1960-இல் ‘திறந்த சேர்க்கை’ என்று ஒரு திட்டம் வந்தது. கறுப்புப் பிள்ளை விரும்பினால் பஸ் ஏறி வெள்ளையர் பள்ளிக்குப் போகலாம். வெள்ளைப் பிள்ளை யாரும் எங்கேயும் நகர வேண்டியதில்லை.

1964 பிப்ரவரி 3 அன்று, மில்டன் காலமிசன் பாதிரியாரும் பேயார்ட் ரஸ்டினும் முன்னின்று நடத்திய புறக்கணிப்பில் நாலு லட்சத்து அறுபதாயிரம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வாஷிங்டன் பேரணிக்கு வந்த கூட்டத்தைவிடப் பெரியது இது. பாடப்புத்தகங்களில் இதைத் தேடினால் கிடைக்காது. அடுத்த மாதமே ஏறக்குறைய 15,000 வெள்ளைப் பெற்றோர் புரூக்ளின் பாலத்தைக் கடந்து நடந்தார்கள். எங்கள் பிள்ளை எங்கள் தெருவில்தான் படிக்கும் என்றார்கள். அவர்கள்மேல் யாரும் வழக்குப் போடவில்லை. அவ்வாண்டு வந்த குடிமை உரிமைச் சட்டத்தில், இனச் சமனின்மையைச் சரிசெய்யப் பிள்ளைகளை மாற்றுவது ஒதுக்கல் ஒழிப்பு ஆகாது என்று ஒரு வரி சேர்ந்தது. அந்தச் சட்டத்தைப் பிரதிநிதிகள் சபையில் நடத்திக் கொண்டுபோன இமானுவேல் செல்லர் புரூக்ளின்காரர். ஜான்சென் சொல்லிவைத்த வார்த்தை வித்தை சட்டப்புத்தகம் வரைக்கும் போய்விட்டது.

நல்லவர்களும் இருந்தார்கள். புரூக்ளினில் 293-ஆம் எண் நடுநிலைப் பள்ளியை எல்லா இனப் பிள்ளைகளும் வந்துசேரும்படி எங்கள் பக்கமாகக் கட்டுங்கள் என்று வெள்ளைப் பெற்றோர் 1963-இல் கடிதம் எழுதினார்கள். வாரியமும் கட்டிக் கொடுத்தது. 1968-இல் திறந்தபோது கடிதம் எழுதியவர்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. எதிர்த்து நடந்தவர்களைவிட இவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

பிறகு கோடுகள் கொஞ்சம் தளர்ந்தன, சல்லடை வந்தது. பெற்றோர் பள்ளிகளை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்கலாம். பள்ளியும் பிள்ளையைச் சலித்து எடுக்கலாம். நாலாம் வகுப்பு மார்க், வருகைப் பதிவு, நேரத்துக்கு வந்தானா என்பதெல்லாம் பார்த்தார்கள். வீடில்லாமல் அரசு விடுதியில் தங்கி ரயில் மாறி வருகிற பத்து வயசுப் பிள்ளை எப்படி நேரத்துக்கு வரும்? 2014-இல் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, நாட்டிலேயே பள்ளிகள் இனவாரியாக அதிகம் பிளவுபட்ட மாநிலம் நியூயார்க் என்றது. மிசிசிப்பி அல்ல.

புரூக்ளினின் 15-ஆவது பள்ளி மாவட்டத்தில் 2018-இல் சல்லடையைத் தூக்கிப்போட்டார்கள். 11 நடுநிலைப் பள்ளிகளிலும் குலுக்கல். நூற்றுக்கு 52 இடங்கள் ஏழை, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கிற, வீடற்ற பிள்ளைகளுக்கு முன்னுரிமை. 2019-இல் அது நடைமுறைக்கு வந்தது. வெள்ளையர் கூட்டமாக வெளியேறுவார்கள் என்ற ஜோசியம் அந்த முதல் ஆண்டில் பலிக்கவில்லை. கோவிட் காலத்தில், 2020 டிசம்பரில், நகரம் முழுக்க நடுநிலைப் பள்ளிச் சல்லடையை மேயர் நிறுத்தினார். 2022-இல் அடுத்து வந்த நிர்வாகம், வேண்டுமானால் அந்தந்த மாவட்டம் மறுபடியும் சலித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது.