சர்ச்சில் பேசினார்... ஹிட்லர் கேட்டார்!

லண்டனில் இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பிரிட்டிஷ் அமைச்சரவை இயங்கிய ரகசியப் பாதாள அறைகளை இப்போது மியூசியமாக வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு குட்டி அறை. அதன் கதவில், கழிவறைக் கதவுகளில் இருக்குமே, 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று காட்டும் பூட்டு... அது பொருத்தப்பட்டிருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்கள், 'பிரதமருக்கென்று தனி டாய்லெட் போலிருக்கிறது' என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள். உள்ளே இருந்ததோ ஒரு டெலிபோன். சர்ச்சில் அதில் பேசினால் மறுமுனையில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்!

அந்த டெலிபோன் ஒயர் நேராக அமெரிக்காவுக்குப் போகவில்லை. ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் உள்ள 'செல்ஃப்ரிட்ஜஸ்' என்ற பிரமாண்டமான கடைக்குப் போனது. மேலே ஜனங்கள் சட்டையும் ஷூவும் வாங்கிக்கொண்டிருக்க, அந்தக் கடைக்குச் சொந்தமான கட்டடத்தின் அடித்தளத்தில் சர்ச்சிலின் குரலைத் துண்டு துண்டாக வெட்டி எண்ணாக மாற்றிக்கொண்டிருந்தது ஒரு ராட்சத இயந்திரம். எதற்கு இத்தனை பாடு? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் டெலிபோன் தொடர்பு வந்தது 1927-ல். கடலுக்கடியில் தந்திக்கு கேபிள் இருந்தது. பேச்சுக்கு இல்லை, அது 1956-ல்தான் வந்தது. ஆகவே அதுவரை அட்லாண்டிக்கைத் தாண்டிய பேச்சு எல்லாம் ரேடியோ அலையில் போனது. ரேடியோ என்றால்? வானத்தில் போகிற சமாச்சாரம். நல்ல ஏரியல் வைத்திருக்கும் எவரும் கேட்கலாம்.

'அதெல்லாம் கேட்க முடியாது' என்று 'ஏ-3' என்ற கருவியை நம்பினார்கள். குரலை அதன் அதிர்வெண்களின்படி ஐந்து பட்டைகளாகப் பிரித்து, சிலவற்றைத் தலைகீழாகத் திருப்பி, இடம் மாற்றிக் குலுக்கி அனுப்பும். மறுமுனையில் இன்னொரு கருவி ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். ஒரு கடிதத்தை ஐந்து கீற்றாகக் கிழித்து மாற்றி ஒட்டி அனுப்புவது போல. கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால், ஐந்து கீற்றை அடுக்கிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?

அமெரிக்க ராணுவத் தளபதி ஜார்ஜ் மார்ஷலுக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. 1941 டிசம்பர் 7 காலை... ஜப்பான் எந்த நேரமும் தாக்கலாம் என்று ஹவாயை எச்சரிக்க வேண்டும். டெலிபோன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. யாராவது ஒட்டுக் கேட்டால்? மார்ஷல் டெலிபோனைத் தொடவில்லை. எச்சரிக்கை சாதாரணத் தந்தியாகப் போனது. ஹொனலூலுவில் ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் எடுத்துப்போய்க் கொடுப்பதற்குள் பேர்ல் துறைமுகம் பற்றி எரிந்துவிட்டது!

மார்ஷல் பயந்தது வீண் பயமா? இல்லை. ஜெர்மனியில் ஏ-3-ஐ உடைத்தது ராணுவமோ உளவுத் துறையோ அல்ல... தபால் துறை! அதன் எஞ்ஜினீயர் குர்ட் ஃபெட்டர்லைன் தலைமையில் ஒரு குழு, ஹாலந்துக் கடற்கரையில் ஏரியல்களை நட்டு, காதில் விழுந்த குழப்பத்தைப் பொறுமையாக ஆராய்ந்து, பேசப் பேசவே பிரித்துத் தரும் கருவியைச் செய்துவிட்டது. 1942 மார்ச் 6-ம் தேதி தபால் அமைச்சர் ஓனெசோர்க இந்த வெற்றியை ஹிட்லருக்கே கடிதம் எழுதித் தெரிவித்தார். 1943 ஜூலையில் முசோலினி பதவியிழந்து நான்கு நாள் கழித்து, இத்தாலியோடு சண்டை நிறுத்தம் பற்றி சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் பேசினார்கள் அல்லவா? ஜெர்மன் தபால் துறை அதையும் சுடச்சுடக் கேட்டது.

கோளாறு எங்கே? குரல் என்பது ஓடும் நதி மாதிரி, இடைவிடாத அலை. அதை எப்படிக் குலுக்கினாலும் ஒவ்வொரு துண்டும் குரலாகவே இருக்கும். துண்டுகளே காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தும் எண்ணும் அப்படியல்ல. எண்ணோடு இன்னொரு ரகசிய எண்ணைக் கூட்டிவிட்டால், அந்த ரகசியம் தெரியாதவனுக்கு எதுவுமே மிஞ்சாது. அப்படியானால் குரலை எண்ணாக்கிவிட்டால்?

நடக்கிற காரியமா? ஓடுகிற அலையை அவ்வப்போது அளந்து எண்களாகக் குறித்துக்கொள்ளலாம். சாம்பிள் எடுப்பது என்று இதற்குப் பெயர். அளந்த நேரம் சரி. இரண்டு அளவுக்கு நடுவில் நடந்ததை யார் சொல்வது? அந்த இடைவெளியில் போனது போனதுதானே?

போகவில்லை என்பதுதான் இந்தக் கதையின் மகா ஆச்சரியம்.

மார்கழி மாதம் வாசலில் புள்ளி வைக்கிறார்கள். அதே புள்ளிகளை வைத்து இந்த வீட்டு அம்மா தாமரை போடுவார். எதிர்வீட்டுப் பெண் மயில் போடுவாள். புள்ளி ஒன்றுதான், கோலம் வேறு. ஏனென்றால் கோடு எப்படி வேண்டுமானாலும் வளையலாம். இப்போது ஒரு சட்டம் போடுங்கள்: 'கோடு இன்ன வேகத்துக்கு மேல் நெளியக் கூடாது.' அந்த வேகத்துக்குத் தக்கபடி புள்ளிகளையும் நெருக்கமாக வைத்துவிடுங்கள். அப்புறம் அந்தப் புள்ளிகள் வழியாக ஒரே ஒரு கோலம்தான் போட முடியும். யார் போட்டாலும் அதேதான்!

எவ்வளவு நெருக்கம்? அலையில் உள்ள மிக வேகமான அதிர்வு எதுவோ, அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அவ்வளவுதான் கணக்கு. சாதாரண டெலிபோன் குரலில் விநாடிக்கு 3,400 அதிர்வுக்கு மேல் அனுப்புவதில்லை. எனவே விநாடிக்கு 8,000 முறை அளந்தால் தாராளம். திரும்பக் குரலாக்குவதும் சுலபம். எண்களை அந்தந்த உயரத்துக்கு மின் துடிப்புகளாக்கி, வேகமான நெளிவுகளைத் தடுக்கும் ஒரு ஃபில்டர் வழியாக விட்டால் போதும். மேடு பள்ளம் கரைந்து பழைய கோடு வந்து நிற்கும்.

சட்டத்தை மீறினால் என்ன ஆகும் என்று நீங்கள் சினிமாவில் பார்த்திருக்கிறீர்கள். ஹீரோவின் குதிரை வண்டி முன்னால் பாய்கிறது. சக்கரம் மட்டும் பின்னால் சுற்றுகிறது! காமிரா விநாடிக்கு 24 முறைதான் பார்க்கிறது. சக்கரத்தின் ஆரங்கள் அதைவிட அவசரத்தில் இருக்கின்றன. அதனால் படத்தில் இல்லாத ஓர் இயக்கம் முளைத்துவிடுகிறது. குரலிலும் இப்படித்தான் இல்லாத சத்தம் முளைக்கும். அதனால்தான் அளப்பதற்கு முன்பே அதிவேக அதிர்வுகளை வடிகட்டிவிடுகிறார்கள்.

இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் தகராறுதான். எடின்பரோவில் கணிதப் பேராசிரியர் விட்டேக்கர் 1915-ல் சுத்தமான கணக்காக எழுதினார். டெலிபோன் பற்றிய யோசனையே இல்லாமல். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்கா போன ஹாரி நைக்விஸ்ட் 1928-ல் தந்தி பற்றிய கட்டுரையில் அந்த இரண்டு மடங்குக் கணக்கைத் தொட்டார். மாஸ்கோவில் விளாதிமிர் கோடெல்னிகோவ் என்ற இளைஞர் 1933-ல் ரேடியோ, டெலிபோன்காரர்களுக்காகவே தெளிவாக நிரூபித்து எழுதினார். ரஷ்ய மொழியில் இருந்ததால் மேற்கே வெகுகாலம் யாரும் படிக்கவில்லை. என்னைக் கேட்டால் மாலை கோடெல்னிகோவுக்கே. ஆசாமி 96 வயது வரை வாழ்ந்து, 2005-ல்தான் காலமானார்.

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். இதை வைத்து டெலிபோன் நடத்தலாம் என்று முதலில் யோசித்தவர் அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயர். 1937-ல் பாரீஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை. அவர் கவலை ரகசியம் அல்ல, இரைச்சல். தூரம் போகப் போகக் குரல் தேயும். வழியில் பெருக்கி அனுப்பினால், கூடவே சேர்ந்த இரைச்சலும் பெருகும். எண்ணாக அனுப்பினால்? வழியில் இருக்கும் கருவி, துடிப்பு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துப் புதிதாக ஒன்றை அனுப்பிவிடும். இரைச்சல் அங்கேயே செத்தது! 1938-ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அதைச் செய்ய எக்கச்சக்கமான வால்வுகள் தேவை. கட்டுப்படியாகவில்லை. 1940-ல் ஜெர்மன் படை பாரீஸை நெருங்க, மனிதர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

கட்டுப்படியாகாத விஷயத்தை யார் செய்வார்கள்? போர் செய்யும்!

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான அந்த இயந்திரத்துக்கு 'சிக்சாலி' என்று பெயர். இதைச் சுருக்கம் என்று நினைத்து விரிவு தேடாதீர்கள். அர்த்தமில்லாத ரகசியப் பெயர். ஒரு முனைக்கு 40 அலமாரிகள், 50 டன்னுக்கு மேல் எடை, 30 கிலோவாட் மின்சாரம். சர்ச்சில் வீட்டில் வைக்கிற சாமானா? அதனால்தான் கடையின் அடித்தளம்.

இதில் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். குரலை நேரடியாக விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அளந்தால் அவ்வளவு எண்ணையும் அன்றைய ரேடியோவில் அனுப்ப வழியில்லை. ஆனால் ஹோமர் டட்லி என்ற பெல் எஞ்ஜினீயர் முன்பே ஒன்றைக் கவனித்திருந்தார். குரலின் அதிர்வு வேகமானது. அதை உருவாக்கும் நாக்கும் உதடும்? அவை மெதுவாகத்தானே அசைகின்றன! எனவே குரலுக்குப் பதிலாக, அதன் பத்துப் பட்டைகளில் எந்தெந்தப் பட்டையில் எவ்வளவு சத்தம் என்பதை மட்டும் அளந்தார்கள். குரலின் ஏற்ற இறக்கத்துக்கு இன்னும் இரண்டு எண். ஆக 12. இவை விநாடிக்கு 25 தடவைக்கு மேல் அசைவதில்லை. இரண்டு மடங்கு... 50! விநாடிக்கு 50 தடவை அளந்தார்கள். நைக்விஸ்ட் கணக்கு அச்சாக உட்கார்ந்துவிட்டது.

ஒவ்வொரு அளவும் 0 முதல் 5 வரை ஓர் எண். இனி பூட்டுவது குழந்தை விளையாட்டு. சர்ச்சிலின் குரல் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரகசிய எண் 5. கூட்டினால் 9. ஆறைக் கழித்து 3 என்று அனுப்பு. வாஷிங்டனில் அதே 5-ஐக் கழித்தால் -2. ஆறைக் கூட்டு, 4 வந்தாச்சு. நடுவில் கேட்பவனுக்குக் கிடைப்பது வெறும் 3. அது எதிலிருந்து வந்த 3? கடவுளுக்கே வெளிச்சம்.

ரகசிய எண்கள் எங்கிருந்து? பாதரச ஆவி வால்வு எழுப்பும் தாறுமாறான இரைச்சலை கிராமபோன் இசைத்தட்டில் பதிந்தார்கள். ஒரே தட்டுக்கு இரண்டு பிரதி. ஒன்று வாஷிங்டனில், இன்னொன்று லண்டனில். இரண்டும் ஒரே கணத்தில் சுழல ஆரம்பித்து, இம்மி பிசகாமல் சேர்ந்து சுற்ற வேண்டும். ஒரு தட்டு 12 நிமிடம் ஓடும். ஓடி முடிந்ததும் அழித்துவிடுவார்கள். ஒரு தட்டில் ஒரு தடவைக்கு மேல் பேச்சே கிடையாது. பாட்டே இல்லாத, வெறும் இரைச்சல் பதிந்த ரெக்கார்டை ராணுவக் காவலோடு கண்டம்விட்டுக் கண்டம் கொண்டுபோன கூத்தை என்ன சொல்ல!

இந்த இயந்திரம் நிஜமாகவே பாதுகாப்பானதுதானா என்று பார்த்துச் சொல்ல பிரிட்டன் அனுப்பிய ஆள்... ஆலன் டூரிங்! ஜெர்மனியின் எனிக்மாவை உடைப்பதில் பெரும் பங்கு வகித்த அதே டூரிங். 1943 ஜனவரியில் நியூயார்க் வந்து இரண்டு மாதம் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். அங்கேயே வேலை பார்த்த கிளாட் ஷானனும் அவரும் கேன்டீனில் டீ குடித்தபடி மணிக்கணக்காகப் பேசினார்கள். எதைப் பற்றி? மூளை மாதிரி யோசிக்கும் இயந்திரம் பற்றி. இருவரும் செய்துகொண்டிருந்த ரகசிய வேலை பற்றி மூச்சு விடவில்லை, விடக் கூடாது!

1943 ஜூலை 15 அன்று முதல் அதிகாரபூர்வப் பேச்சு. பென்டகனிலும் லண்டனிலும் உட்கார்ந்து தளபதிகள் பேசினார்கள். சர்ச்சிலின் அறைக்கு இணைப்பு வந்து சேர இன்னும் காலம் பிடித்தது. மேலே சொன்ன இத்தாலிப் பேச்சு ஜூலை 29-ல் பழைய ஏ-3 வழியாகவே போய், ஜெர்மனிக்குத் தீனியானது. இரண்டு வாரத்தில் தவறிய பாதுகாப்பு! பிறகு சிக்சாலி உலகமெங்கும் 12 இடங்களில் நிறுவப்பட்டது. பசிபிக்கில் மெக்ஆர்தரோடு ஒரு கப்பலிலேயே ஏறிப் பயணம் செய்தது. சுமார் 3,000 பேச்சுகள் இதில் நடந்தன. ஜெர்மானியர்கள் கேட்டது ஏதோ வண்டு ரீங்கரிக்கும் சத்தம் மட்டும்தான், உடைக்க முடியவில்லை. ஒரே குறை, பேசுகிறவர் யாராக இருந்தாலும் மறுமுனையில் டொனால்ட் டக் வாத்து பேசுகிற மாதிரி இருந்ததாம்.

1949-ல் ஷானன் தன் புகழ்பெற்ற கட்டுரையில் சாம்பிள் கணக்கை நிரூபித்துக் காட்டினார். அது அந்தத் துறையில் எல்லோரும் அறிந்த விஷயம்தான் என்றும் அதிலேயே பெருந்தன்மையாக எழுதியிருக்கிறார். சிக்சாலி பற்றி ஒரு வரி இல்லை. டிரான்சிஸ்டர் வந்து விலை குறைந்ததும், 1962-ல் அமெரிக்க டெலிபோன் லைன்களில் ரீவ்ஸின் முறை ஓட ஆரம்பித்தது, விநாடிக்கு அதே 8,000 தடவை. 1984-ல் இந்தியாவில் தொடங்கிய சி-டாட் நிறுவனத்தின் கிராமப்புற எக்ஸ்சேஞ்சுகளும் அதே கணக்கில்தான் குரலை எண்ணாக்கின. 1982-ல் வந்த இசை சி.டி.க்கு 44,100 தடவை. காது கேட்பது விநாடிக்கு 20,000 அதிர்வு வரை. இரண்டு மடங்கு 40,000. அதென்ன உபரியாக 4,100? கொஞ்சம் ஃபில்டருக்காக விட்ட இடம். மீதி, அந்த நாளில் டிஜிட்டல் இசையைப் பதிய வீடியோ டேப்தான் இருந்தது என்பதால். ஒரு கோட்டுக்கு 3 அளவு, 245 கோடு, விநாடிக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள்.

உங்கள் செல்போனும் நீங்கள் பேசும்போது, வாயும் தொண்டையும் எப்படி இருக்கிறது என்பதைக் கணக்கிட்டு எண்ணாக அனுப்புகிறது. எத்தனை விநாடிக்கு ஒரு தடவை? ஐம்பதில் ஒரு பங்குக்கு. அதாவது செல்ஃப்ரிட்ஜஸ் அடித்தளத்தில் வைத்த அதே தாளம்!

சிக்சாலியை 1946-ல் மூடினார்கள். செய்தவர்கள் யாரும் வெளியே சொல்லக் கூடாது என்பதால், டிஜிட்டல் டெலிபோனை உலகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோது அவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இயந்திரத்துக்காக ரால்ஃப் பாட்டர் என்ற பெல் எஞ்ஜினீயர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1941-ல். ரகசியம் விலகி, அது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது 1976 ஜூனில். நம் ஊர் ஆபீஸ்களில் ஃபைல் நகரவில்லை என்று புலம்புகிறோமே!