டேலி ஃபைல் திறக்கலையா? பேக்கப்பை தொடும் முன் இதைப் படிங்க

ஆரணியில் பட்டு முதலாளி பாவும் ஜரிகையும் கொடுக்க, நெசவாளர் வீட்டுத் தறியில் சேலை நெய்து தருவது வழக்கம். யாருக்கு எவ்வளவு ஜரிகை போனது, கூலி பாக்கி எவ்வளவு என்ற கணக்கு டேலியில் இருந்து, கரண்ட் கட்டில் அந்த ஃபைல் கெட்டுப்போனால்?

கெட்ட ஃபோல்டரை அழிக்காதீங்க. அப்படியே வேறு இடத்தில் காப்பி எடுங்க. ரிப்பேர் முயற்சி எல்லாம் அந்தக் காப்பியில்தான்.

டேலி பிரைமில் ஆல்ட், ஒய் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் டேட்டா மெனு வரும்; அதில் ‘ரீஸ்டோர்’ இருக்கு. கோட்டை விடுவது இங்கேதான். பழைய ஃபோல்டர் மேலேயே ரீஸ்டோர் செய்தால், பேக்கப்புக்குப் பிறகு போட்ட பதிவுகளை மீட்கும் வாய்ப்பும் போயிடும். புது ஃபோல்டரைக் காட்டுங்க.

விட்டுப்போன நாட்களை பில், கூலிச் சீட்டு பார்த்து கையால்தான் ஏற்றணும். நெசவாளர் கையிலுள்ள சீட்டோடும் ஒத்துப்பாருங்க. ஒரு வரி விட்டால் ஒரு வீட்டின் கூலி போச்சு.

ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு இருக்கணும். பேக்கப்பை அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் வைத்தால், ஹார்ட் டிஸ்க் போகும்போது அதுவும் போகும். ஒரு பென்டிரைவ் காப்பி வீட்டில் இருக்கட்டும்.